முப்பத்தாறாம் பல்

வாய் நாற்றம் எனக்கு அருவருப்பில்லை. சீழ், இரத்தம், அழுகிய வேர், நேற்றுத் தின்ற கறியின் நார் இன்னும் தொங்கும் கடைவாய், இவையெல்லாம் எனக்குச் சோறு போடுகிற சமாச்சாரங்கள். ஆனைக்கரட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். அழுகல் பல்லைப் பிடுங்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நேரே கீழே மெஸ்ஸுக்குப் போய்ப் புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுவேன். என்னைக் குமட்ட வைத்தவர்கள் யாரும் வாய் நாறுகிறவர்கள் அல்லர். காலையும் மாலையும் தவறாமல் பல் விளக்குகிற, நன்றாகப் படித்த பெரிய மனிதர்கள். நான் கொஞ்சம் காரமாகத்தான் சொல்வேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

ஒச்சம்மாள் ஒரு மத்தியானம் வந்தாள். ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிற வேலை. வயது நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும், ஆனால் வாய் அறுபதைத் தாண்டிவிட்டது. வலது பக்கம் மேலும் காலி, கீழும் காலி. முன்பற்கள் வெற்றிலைக் காவி ஏறி ஆடிக்கொண்டிருந்தன. பஸ் நிலையத்தில் பார்க்கும்போதெல்லாம் வெற்றிலையை விடு என்று திட்டுவேன். இடது பக்கம் கீழே ஒரு கடைவாய்ப் பல், அதற்கு நேர் மேலே இன்னொன்று. அவள் வாயில் ஒன்றோடொன்று முட்டுகிற ஜோடி அது மட்டும்தான்.

"டாக்டரம்மா, கேம்ப்புல இருந்து சொல்லி விட்டிருக்காக. இந்தக் கீழ்ப் பல்லப் பிடுங்கணுமாம். ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவம்ன்டு வந்தேன்."

"வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. கல்லு கணக்கா இருக்கு. முறுக்குகூட இதுலதான் கடிக்கிறேன்."

"பிறகு எதுக்குப் பிடுங்கணும்?"

"அதான எனக்கும் வெளங்கல. ஏழு வருசத்துக்கு முந்தி சொத்தன்டு சொல்லி அவுகதான் அடச்சு விட்டாக. இப்ப உள்ளுக்குள்ள கெட்டுப்போச்சாம். பிடுங்கிட்டு ஓசியிலயே பல்செட்டு தாராகளாம். எங்க மொதலாளியும் போய்ட்டு வா, போய்ட்டு வான்டு நிக்கிறாரு. அவரு சொல்லிப் போகாம இருந்தா மறுநா ஸ்டோர்ல நிக்க முடியுமா?"

தட்டிப் பார்த்தேன். குளிர்காற்று அடித்துப் பார்த்தேன். படம் எடுத்துப் பார்த்தேன். வேர் ஆலமர வேர் மாதிரி ஊன்றி நின்றது. கெட்டுப்போவதாவது! ஆனால் அந்த அடைப்பைப் பார்த்ததும் எனக்கு எங்கோ உதைத்தது. சொத்தை அரித்த பல்லை அடைத்தால் பள்ளம் கோணல்மாணலாக இருக்கும். சொத்தை போன வழியில்தான் நாமும் போகவேண்டும், வேறு வழியில்லை. இதுவோ அளவெடுத்து வெட்டிய சதுரம். நல்ல பல்லைத் தோண்டி அடைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. லேசாக நீலம் ஓடிய இதே வெள்ளை அடைப்பை, இதே சதுரத்தில், கரட்டுக் குன்றை ஒட்டிய ஊர்க்காரர்கள் பலர் வாயில் பார்த்திருக்கிறேன். சுத்தமான வேலை என்று மனசுக்குள் மெச்சியும் இருக்கிறேன். எல்லாருக்கும் கீழ்த்தாடை, இடது பக்கம், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். ஒவ்வொரு பல்லுக்கும் எங்களிடம் ஓர் எண் உண்டு. வாயை நாலு பங்காகப் பிரித்தால் இது மூன்றாம் பங்கில் ஆறாவது, அதனால் இதற்கு முப்பத்தாறு. சொத்தை என்ன எண் பார்த்தா வரும்? இனிப்பு ஒட்டுகிற இடத்தில் எல்லாம் வரும். ஊர் முழுக்க ஒரே பல்லில் மட்டும் சொத்தை விழுந்த அதிசயம் உலகத்தில் எங்கும் கிடையாது.

"ஒச்சம்மா, நான் சொல்ற வரைக்கும் நீ அங்கிட்டுப் போகாத. இத எடுத்தா அப்புறம் கஞ்சிதான்."

"அப்ப பல்செட்டு?"

"பிடிச்சுக்கிட ஒரு பல்லாவது வேணும்ல? இல்லேன்னா வழுக்கிக்கிட்டு ஓடும். நீ ஸ்டோர்ல பேசிக்கிட்டு இருப்ப, அது மடியில வந்து விழும்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எம்மகளுக்கு இப்பத்தான் ஆறு வயசு டாக்டரம்மா. நான் இன்னும் எம்புட்டோ காலம் தின்டு தெம்பா இருக்கணும்."

இலவசப் பல் கேம்ப் நடத்துகிறவர்கள் கரட்டைக் குடைந்து உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆய்வுக்கூடத்துக்காரர்கள். மறுநாளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். இயக்குநர் பேராசிரியர் சிதம்பரநாதனை எனக்குத் தெரியும். அவர் மேல்வாயில் இருக்கிற இரண்டு செயற்கைப் பற்கள் என் கைவேலை. அறையில் அவரோடு லூர்து சேவியர் என்ற இளம் விஞ்ஞானியும் இருந்தார். புதுப் பொருள்களைச் செய்து பார்ப்பது அவர் வேலை. அந்த நீல அடைப்பு அவர் கண்டுபிடித்தது.

விஷயத்தைக் கேட்டதும் மழுப்புவார்கள் என்று நினைத்துப் போனேன். மழுப்பவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி இயக்குநரின் முகம் மலர்ந்துவிட்டது. முந்திரித் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க டாக்டர். இருள்துகள்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"பேப்பர்ல படிச்சிருக்கேன். இருக்குங்கறாங்க, யாரும் பார்த்ததில்லைங்கறாங்க."

"அதேதான். இந்த நிமிஷம் உங்களையும் என்னையும் ஊடுருவிப் போய்க்கிட்டு இருக்கு. எதுலயும் முட்டாது. எப்பவாவது ஒண்ணு ஒரு படிகத்துல முட்டினா கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழும். அந்தக் கீறலைப் படிச்சிட்டா இந்தப் பிரபஞ்சத்துல பெரும்பகுதி எதால ஆனதுன்னு சொல்லிடலாம்."

"சொல்லுங்க. அதுக்கும் ஏலக்கா பொறுக்குறவ கடைவாய்க்கும் என்ன சம்பந்தம்?"

சேவியர் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். "என் படிகம்தான் மேடம் சம்பந்தம். பல்லுல இருக்கற அதே தாதுவைக் கொஞ்சம் மாத்திச் செஞ்சது. கூடத்துல வெச்சா ஒரு வருஷத்துல காஞ்சு வெடிச்சிடுது, கீறல் எல்லாம் அழிஞ்சு போகுது. எச்சில்ல ஊறிக்கிட்டே இருந்தா மட்டும் அப்படியே நிக்குது. செயற்கையா எச்சில் செஞ்சு பார்த்தோம். பூஞ்சை பிடிச்சிடுச்சு."

"அதனால ஊர் வாயை வாடகைக்கு எடுத்துட்டீங்க."

"கொச்சையா பேசாதீங்க," என்றார் இயக்குநர். "இலவசமா பல் வைத்தியம் பார்த்திருக்கோம்."

"நல்ல பல்லைக் குடைஞ்சிருக்கீங்க சார்."

"ஒரே இடம், ஒரே அளவு இருந்தாத்தான் ஒருத்தரோட ஒருத்தரை ஒப்பிட முடியும். அதான் எல்லாருக்கும் முப்பத்தாறு. விஞ்ஞானத்துல ஒழுங்கு முக்கியம் டாக்டர்."

"ஒழுங்கா! சரி, அடைச்சதை மட்டும் எடுத்துக்க வேண்டியதுதானே? பல்லை எதுக்குப் பிடுங்கணும்?"

"குடைஞ்சு எடுத்தா அந்தச் சூட்டுல கீறல் அழிஞ்சிடும் மேடம்," என்றார் சேவியர். "பல்லோட முழுசா வந்தாத்தான் படிக்க முடியும். அதுவும் ஏழு வருஷமாவது ஊறியிருக்கணும். அதுக்குக் கம்மின்னா கீறல் போதாது."

"பல்லுதானே டாக்டர்," என்றார் இயக்குநர். "முப்பத்திரண்டுல ஒண்ணு. உலகமே தேடற விடை கிடைக்கப்போகுது."

"ஒச்சம்மாவுக்கு முப்பத்திரண்டு இல்ல. மெல்றதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அவ்வளவு பெரிய விடைன்னா நீங்க உங்க வாயில வெச்சிருக்கலாமே?"

அவர் சிரிக்கக்கூட இல்லை. "ஆராய்ச்சி பண்றவங்க தன் உடம்பையே சோதனைக்கு வெக்கக்கூடாது. அது நெறிமுறைக்கு விரோதம்."

என் வாயில் அவர் கொடுத்த முந்திரி இருந்தது. கைக்குட்டையை எடுத்து அதில் துப்பினேன். அவர் பார்த்தார். பார்த்தாலும் பரவாயில்லை என்றுதான் துப்பினேன்.

வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, "எங்க நெறிமுறைக் குழுவுல பல் மருத்துவர் இடம் காலியா இருக்கு. உங்களை மாதிரி ஒருத்தர்தான் வேணும்," என்றார். வாயடைக்கப் பார்க்கிறார் என்று தெரியாதா எனக்கு? ஆனால் வேறு வழியும் இல்லை. தாலுகா ஆபீசில் சொல்லிப் பார்த்தேன், தேசத்தின் பெருமையில் மண் அள்ளிப் போடாதீர்கள் என்றார்கள். போலீசில் யார் பல் காணாமல் போனது என்று கேட்டுச் சிரித்தார்கள். உள்ளே போனால்தான் தடுக்க முடியும் என்று அந்தக் குழுவில் போய் உட்கார்ந்தேன்.

குழுவில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர், கல்லூரி முதல்வர் ஒருவர், ஒச்சம்மாளின் முதலாளி ஒருவர். ஏலக்காய் ஸ்டோர் முதலாளிக்கு நெறிமுறையோடு என்ன உறவு என்று கேட்காதீர்கள். வாய்களை அனுப்பி வைத்தவர் அவர்தான், அவ்வளவுதான். மேசையில் மிக்சர், வாழைக்காய் சிப்ஸ், ஏலக்காய் டீ. நொறுக் நொறுக்கென்று கடித்துக்கொண்டே பிறத்தியார் பல்லைப் பற்றிப் பேசினார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வெள்ளோட்டமாக முதலில் சில பேர் பல்லைப் பிடுங்கி ஆகிவிட்டதாம். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திரையில் படிகத்தின் படத்தைப் போட்டார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். "எதிர்பார்த்ததுக்கு மேலயே கிடைச்சிருக்கு," என்று இயக்குநர் சொன்னபோது குரல் தழுதழுத்தது. கல்லூரி முதல்வர் கைதட்டினார். அடுத்த வாரம் மீதிப் பேர் எல்லாரையும் கூப்பிட்டுப் பிடுங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த மீதியில் ஒச்சம்மாள் இருந்தாள்.

"அந்தப் பல்லை நான் பார்க்கணும்," என்றேன்.

"கழுவித்தான் வெச்சிருக்கோம்," என்று சேவியர் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். முதல்வர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மிக்சர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிடுங்கச் சொல்லலாம், பார்க்கத்தான் கூடாது போலிருக்கிறது.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பல்லிலும் சிவப்புக் காவி. கழுத்துப் பகுதியில் வெள்ளையாக ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டினேன். எங்கள் ஊர் வாயில் அதைத் தினமும் சுரண்டுகிறேன், எனக்குத் தெரியாதா?

"இவங்க வெத்தலை போடறவங்களான்னு கேட்டீங்களா?"

"புகையிலை உண்டான்னு கேட்டோம். இல்லைன்னு சொன்னவங்களத்தான் சேர்த்தோம்," என்றார் இயக்குநர்.

"நான் புகையிலையைக் கேக்கல. வெத்தலை பாக்கு சுண்ணாம்பு."

இயக்குநர் முழித்தார். முதலாளிதான் சிப்ஸை மென்றுகொண்டே சொன்னார். "நம்ம ஸ்டோர்ல எல்லாப் பொம்பளையும் போடுவாளுகளே. காலைல இடது கன்னத்துல அதக்கினா சாயங்காலம்தான் துப்புவாளுக. நீங்க கேக்கலையே சார்."

எத்தனை வருடமாக இந்த ஊரில் குடியிருக்கிறார் இந்த இயக்குநர்! சந்தைக்குப் போய் ஒருநாள் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். காரின் கண்ணாடியை இறக்கியிருந்தாலே தெரிந்திருக்கும். பிரபஞ்சத்தில் யாருக்கும் தெரியாததைத் தேடுகிறவருக்கு வாசல் பெருக்குகிறவளின் கன்னம் ஏன் உப்பியிருக்கிறது என்று தெரியவில்லை.

"அந்தச் சுண்ணாம்பு எந்தக் கல்லுன்னு தெரியுமா சார்? இந்தக் கரட்டுக் கல்லைத்தான் சூளையில சுடறாங்க."

சேவியர் சட்டென்று எழுந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. "சார், நம்ம சுவர்," என்றார்.

வக்கீல் என்ன சுவர் என்று கேட்டார். சேவியர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். கரட்டைக் குடைந்தபோதே இந்தக் கல்லில் லேசான கதிர்வீச்சு இருப்பது தெரியுமாம். அதிலிருந்து வருகிற துகள்களும் படிகத்தில் முட்டிக் கீறல் போடுமாம். கருவிகளைக் கெடுத்துவிடக் கூடாதே என்று கூடத்தின் உட்சுவர் முழுவதும் ஈயத் தகடு அடித்திருக்கிறார்களாம்.

"சுவத்துக்கு ஈயம் அடிச்சீங்க," என்று நான் மேசையைத் தட்டினேன். "அதே கல்லைச் சுட்டுக் குழைச்சு ஊர் பூரா கடைவாயில அதக்கிக்கிட்டு இருக்கு. உங்க படிகத்தை ஒட்டி, ஏழு வருஷமா. நீங்க பார்த்தது இருள்துகள் இல்ல சார், வெத்தலைச் சுண்ணாம்பு. இந்த வாயி ஒண்ணும் உங்களுக்கு உதவாது!"

நான் காத்திருந்தேன். அந்தச் சுண்ணாம்பைத் தினமும் விழுங்குகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று யாராவது ஒருவர் கேட்பார் என்று காத்திருந்தேன். சேவியர் கீறல்களில் எத்தனை தேறும் என்று மனக்கணக்குப் போட்டார். முதல்வர் வெளிநாட்டில் தெரிந்தால் மானம் போகுமே என்றார். இயக்குநர், "ஏழு வருஷம், ஏழு வருஷம்," என்று முனகினார். கடைசியில் நானேதான் கேட்டேன்.

"அது சுகாதாரத் துறை விஷயம்," என்றார் இயக்குநர். "நம்ம குழுவோட எல்லைக்குள்ள வராது."

தூ! என்றிருந்தது எனக்கு. இருந்தாலும் பல் பிடுங்குவது ரத்தாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மற்றதை விழுங்கிக்கொண்டேன். சாயங்காலம் ஸ்டோர் விட்டு வந்த ஒச்சம்மாளை பஸ் நிலையத்திலேயே பிடித்துச் சொன்னேன்.

"தப்பிச்ச போ. உன் பல்லு அவங்களுக்கு வேணாமாம். வெத்தலை போட்ட வாயி ஆகாதாம், சுத்தமான வாய்தான் வேணுமாம்."

"அடி ஆத்தீ! வெத்தலய விடு, விடுன்டு நீங்க என்னைய எம்புட்டு வஞ்சிருப்பீக. கடைசியில அதுதேன் காப்பாத்துச்சாக்கும்," என்று பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

"சிரிக்காத. இந்தக் கரட்டுச் சுண்ணாம்பு உடம்புக்கு ஆகாது. இன்னியோட விட்டுரு."

"விட்டுட்டாப் போச்சு," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் இயக்குநர் பழைய மாதிரி மலர்ந்த முகத்தோடு வந்தார். "டாக்டர் பரிமளாவுக்கு நாம எல்லாரும் நன்றி சொல்லணும்," என்று ஆரம்பித்தார். "நம்ம தப்பு எங்கேன்னு காட்டினாங்க. வழியும் அவங்க பேச்சுலயே இருந்தது. சுத்தமான வாய். இந்த ஊர்ல வெத்தலையே படாத வாய் யாருக்கு இருக்கு? ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு."

நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. மனுஷனா நீ என்று ஒருமையில் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அவர் கோபப்படாமல் கையை உயர்த்தினார்.

"பால் பல் டாக்டர். அதுவும் சொத்தை விழுந்த பால் பல் மட்டும். நீங்க உங்க கிளினிக்குல அடைக்கிற மாதிரியேதான் அடைக்கப்போறோம். யாரையும் பிடுங்கச் சொல்லல. தானா விழும்போது எங்ககிட்ட கொடுத்தாப் போதும்."

"சாணியில உருட்டிக் கூரை மேல எறியறதுக்குப் பதிலா ஒரு டப்பாவுல போடப்போறாங்க. அதானேம்மா?" என்றார் வக்கீல். எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கே ஓட்டை என்று தேடினேன். சொத்தைப் பால் பல்லை அடைக்கத்தான் வேண்டும், நானே அடைக்கிறேன். காலம் வந்தால் அது விழத்தான் போகிறது. "பிள்ளைகளுக்கு வலி உண்டா?" என்று முதல்வர் என்னைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது, ஏனென்றால் இல்லை. எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். சேவியர் மட்டும் கூட்டம் முடிகிற வரை நிமிரவே இல்லை. முதலில் செய்த காரியத்துக்குக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் ஓடிப்போயிற்று. ஒருநாள் ஒச்சம்மாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். மகிழினி என்று பெயர், ரெட்டைச் சடை, அம்மாவின் அதே உருண்டை முகம்.

"ஐஸ் தின்டாக் கூசுதுன்டு அழுகுறா டாக்டரம்மா. என்னான்டு பாருங்க."

"எந்தப் பக்கம்?"

"கேம்ப்புல அடச்ச பக்கந்தேன். மொதலாளி பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்கன்டாரு. நீங்கதான அன்னைக்கிச் சொன்னீக, சுத்தமான வாய்தான் வேணும்ன்டு. எம்மக வாயில வெத்தல வாடகூடப் பட்டதில்ல. மொத ஆளா வரிசையில கொண்டுபோய் நிப்பாட்டுனேன்." அவள் முகத்தில் பெருமை இருந்தது.

பிள்ளையை நாற்காலியில் ஏற்றி வாயைத் திறக்கச் சொன்னேன். பால் பற்கள் இரண்டு கறுத்துக் குழி விழுந்து கிடந்தன. அவற்றை ஒருவரும் தொடவே இல்லை. அவற்றுக்குப் பின்னால், கடைசியில், ஈறு இன்னும் முழுதாக விலகாத ஒரு பெரிய பல். இப்போதுதான் எட்டிப் பார்க்கிற பல். அதன் நடுவில் அளவெடுத்த சதுரமாக நீலம் ஓடிய வெள்ளை அடைப்பு.

கீழ்த்தாடை, இடது பக்கம், ஆறாவது.

இந்தப் பல்லைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆறு வயதில் எந்தப் பால் பல்லும் விழாமலே பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். முன்னால் எதுவும் விழாததால் அம்மாக்கள் எல்லாரும் இதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்வார்கள். விழுந்து முளைக்கும் என்று அலட்சியமாக விட்டுவிடுவார்கள். இது ஒரே தடவைதான் முளைக்கும். ஏலக்காய் பொறுக்குகிறவள் தெரியாமல் நினைக்கலாம். பல்லுக்கு எண் போட்டு வைத்திருக்கிற ஆய்வுக்கூடம் நினைக்குமா?

அங்கேயே நின்று சேவியருக்குப் போன் போட்டேன்.

"பால் பல்லுன்னு சொன்னீங்களே?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பால் பல் ஏழு வருஷம் நிக்காது மேடம். அதுக்குள்ள விழுந்திடும். படிகத்துக்கு ஏழு வருஷம் வேணும்."

"இது அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"வாயில என்ன வெச்சிருந்தீங்க அப்போ? ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மேடம். ஏழு வருஷக் கணக்கை மொத நாளே உங்ககிட்ட சொன்னேன். பல்லு எப்போ விழும்னு எங்களை விட உங்களுக்குத்தானே தெரியும். நீங்களும் கை தூக்கினீங்களே."

போனை வைத்தேன். கையைக் குழாயில் காட்டினேன். கழுவினேன். மறுபடி கழுவினேன். அவர்கள் மேல் எனக்கு இருந்த அருவருப்பில் என் பங்கு எவ்வளவு என்றுதான் பிரிக்க முடியவில்லை.

"என்னா டாக்டரம்மா, மூஞ்சி ஒரு மாதிரியாப் போச்சு? பால் பல்லுதான? விழுந்து மொளைக்கும்ல?"

"இல்ல ஒச்சம்மா. இது நெலச்ச பல்லு. சாகுற வரைக்கும் இருக்கவேண்டியது. நல்ல பல்லைக் குடைஞ்சு வெச்சிருக்காங்க. ஏழு வருஷம் கழிச்சுப் பிடுங்க வருவாங்க."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பிள்ளையின் தலையை வயிற்றோடு இழுத்து அணைத்து, அதன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"நான் இப்பவே குடைஞ்சு எடுத்துடறேன்," என்றேன். "போட்ட ஓட்டை போட்டதுதான், வேற சாந்து வெச்சு அடைக்கலாம். ஆனா அவங்களுக்கு அது உதவாது, பிடுங்க வரமாட்டாங்க."

"வேணாம் டாக்டரம்மா. மாசாமாசம் கேம்ப்புல வாயத் தெறக்கச் சொல்லிப் பாக்குறாக. எடுத்தது தெரிஞ்சா மொதலாளி சும்மா விடுவாரா? பெறகு நாங்க எங்கிட்டுப் போறது?" சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு தன் இடது கன்னத்தில் விரலை விட்டு இழுத்து, அந்த ஒற்றைக் கடைவாய்ப் பல்லை எனக்குக் காட்டினாள். "இத எடுத்துக்கிடச் சொல்லுங்க. அன்னைக்கே கேட்டாகள்ல? இப்பவே வாரேன். இவளத விட்டுறச் சொல்லுங்க."

அந்த வாய் எதற்கும் உதவாது என்று மேசையைத் தட்டிச் சொன்னவள் நான், ஏழு வருடச் சுண்ணாம்பு போட்ட கீறல் இனி அழியப்போவதும் இல்லை. அதை எப்படி அவளிடம் சொல்வது? நான் கண்ணைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து அவளாகவே ஒன்றைப் புரிந்துகொண்டு, இன்னும் அகலமாக வாயைத் திறந்து வெளிச்சத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"நீங்க சொன்ன அன்னையிலருந்து வெத்தலயத் தொடல டாக்டரம்மா. இப்பச் சுத்தமாத்தேன் இருக்கு. பாருங்க."